இடப்பக்கம் இரண்டு விரல்

இரவு இரண்டு பத்து. சாலையில் விளக்கு இல்லை. முன்னால் நாற்பது கிலோமீட்டருக்கு ஊர் இல்லை, பின்னால் நாற்பது கிலோமீட்டருக்கு ஊர் இல்லை. நடுவில் ஒரே ஒரு வேன். வேனுக்கு இருபத்திரண்டு வயது. ஓட்டுகிறவர் விழித்திருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி தூங்குகிறார். பின்னால் யாரும் இல்லை.

பின்னால் லீவர் சத்தம்.

டக்... டக்... டக்.

சீட் லீவரில் மூன்று பல். யாரோ சீட்டைச் சாய்த்துக்கொண்டு படுக்கிறார்கள்.

இருங்கள், அந்தச் சாலைக்குப் பிறகு வருகிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் கூட்டத்தில் இன்றைக்கு ஒருவன் வரவில்லை, கவனித்தீர்களா? அவனுடைய தாய்மாமாவுக்கு நடந்தது இது. அவன் இருந்தால் வாயைத் திறக்க விடமாட்டான். அதனால்தான் நாள் பார்த்துச் சொல்கிறேன்.

அந்த மாமாவுக்குக் கடைத்தெருவில் பெயர் பாதிவிலை. இரும்புச் சாமான் கடை. யார் என்ன விலை சொன்னாலும் அதில் பாதிக்குத்தான் முதலில் கேட்பார். பேருந்தில் டிக்கெட் எடுக்கும்போதுகூட அவர் உதடு ஒரு நொடி துடித்து அடங்கும் என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார். கெட்டவர் இல்லை. பேரம் அவருக்கு மூச்சு மாதிரி. நிறுத்தினால் செத்துவிடுவோம் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

ஒரே மகள். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு நகரத்தில் வேலை பார்த்தாள். அலுவலக மாடிப்படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அறுவை. ஐந்து வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில். வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு விடுகிறோம் என்றார்கள். ஆனால் நிமிர்ந்து உட்கார வைக்கக் கூடாது, ரயிலில் ஏற்றி இறக்கக் கூடாது, சாய்ந்த சீட்டில் குலுங்காமல் கொண்டுபோக வேண்டும்.

பாதிவிலை முதலில் ஆம்புலன்ஸ்காரனைத்தான் கேட்டார். அவன் ஒரு விலை சொன்னான். இவர் வழக்கம்போலப் பாதிக்குக் கேட்டார்.

"சரிங்க, அப்போ பாதி தூரத்துல இறக்கி விட்டுடவா?" என்று கேட்டுவிட்டு அவன் போனை வைத்துவிட்டான்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறக்கவில்லை.

கடையில் சரக்கு ஏற்றுகிற பழைய வேன் இருந்தது. அதையே தயார் செய்து நாமே கூட்டிவந்துவிடுவோம் என்று முடிவெடுத்தார். மகள் போனில் சிரித்தாள்.

"அப்பா, சீட்டு நல்லாச் சாயணும், ஞாபகமிருக்கட்டும். நீங்க பாட்டுக்குப் பாதி சாயற சீட்டைப் பாதி விலைக்கு வாங்கி மாட்டிடாதீங்க."

"உன் வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகலையே."

"அதையும் சேத்துத் தைக்கச் சொன்னேன், டாக்டர் அதுக்குத் தனி விலை சொன்னாரு. உங்க பொண்ணாச்சே... வேண்டாம்னுட்டேன்."

மெக்கானிக் அவருடைய பழைய சிநேகிதர். தெருவில் அவரைப் 'பாதம்' என்பார்கள். எப்போது போனாலும் ஏதாவது வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். முகம் பார்த்தவர்கள் குறைவு. சனிக்கிழமை வேனை அவரிடம் விட்டார். ரேடியேட்டரைக் கழுவினார்கள், வெடித்த ரப்பர் குழாய் இரண்டை மாற்றினார்கள், பிரேக் கட்டை புதிது, ஃபேன் பெல்ட் புதிது, நான்கு டயரும் மாற்றி ஸ்டெப்னிக்குக் காற்று அடித்தார்கள். பாதம் ஒவ்வொரு மூலையிலும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை அடுக்கி அளந்து பார்த்தார். அவருக்கு அதுதான் அளவுகோல்.

"நாலு பக்கமும் ஒரே மட்டம்ணே. கிழவன்னு சொல்ல முடியாது, கல்யாணத்துக்கு நிக்கலாம். சீட்டு மட்டும் கொண்டாங்க."

சீட்டுக்காக ஞாயிறு காலை அந்த வேனிலேயே ஊருக்கு வெளியே, பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்துக்குப் போனார். நடத்துவது ஓர் அம்மாள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, கையில் எண்ணெய்க் கறை. பேரத்தில் பாதிவிலைக்குச் சமமான ஆள் என்று பெயர்.

"அக்கா, சாயற சீட்டு ஒண்ணு வேணும்."

"அதோ நாலு கெடக்கு. பாத்து எடுங்க."

ஒன்றில் லீவர் உடைந்திருந்தது. ஒன்றை எலி கடித்திருந்தது. மற்ற இரண்டும் சாய்ந்தால் நிமிராத ஜாதி. அப்போதுதான் மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி, தார்ப்பாய் போட்டு மூடிய ஒன்று அவர் கண்ணில் பட்டது.

"அது?"

"அது விக்கறதுக்கு இல்ல."

பாதிவிலைக்குக் காது விடைத்தது. வியாபாரி ஒரு சரக்கை விற்பதற்கில்லை என்று சொன்னால் கடையிலேயே நல்ல சரக்கு அதுதான் என்பது அவர் படித்த பாடம். போய்த் தார்ப்பாயை விலக்கினார். சாம்பல் நிறத் துணி. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. லீவரை இழுத்தார், வெண்ணெய் மாதிரி வந்தது. டக், டக், டக். தலை சாய்க்கிற இடம் மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்தது. மழை ஒழுகியிருக்கும் என்று நினைத்தார். அண்ணாந்து பார்த்தார். மேலே நல்ல தகரக் கூரை. அதை அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இது எந்த வண்டியில் இருந்தது, யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும் அல்லவா? கேட்கவில்லை. பொருளின் கதையைக் கேட்டால் விலை ஏறும். அதுவும் அவர் படித்த பாடம்.

"என்ன விலைக்கா?"

"விலை இல்லன்னா விலை இல்ல. அந்த எலி கடிச்சதைப் பாதிக்கே தர்றேன், துணி மாத்திக்கங்க."

கேட்காமலே பாதிக்கு இறங்குகிறாள். அப்போதாவது உஷாராகியிருக்கலாம்... இல்லை.

"அக்கா, எம் பொண்ணு முதுகு ஒடிஞ்சு கெடக்கா. படுத்துட்டு வரணும். ரெண்டு நாள் பயணம்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். இவர் முகத்தைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்போமே, அப்படி. பிறகு சொன்னாள்.

"எடுத்துட்டுப் போங்க. காசு வேண்டாம். திருப்பிக் கொண்டு வராதீங்க, அது போதும்."

விற்கிறவன் சட்டென்று இறங்கினால் வாங்குகிறவன் சட்டென்று எழுந்து வந்துவிட வேண்டும். கடைத்தெருவில் இது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பாதிக்கும் பாதி, அதற்கும் பாதி... கடைசியில் சும்மா! நாற்பது வருடப் பேரத்தில் அப்படி ஒரு வெற்றி வந்ததில்லை. உள்ளங்கை அரித்தது. வாங்கிவிட்டார்.

சீட்டைத் தூக்க இரண்டு ஆள் வந்தார்கள். அசையவில்லை. நான்கு பேர் சேர்ந்து முக்கி வேனில் ஏற்றினார்கள். "சீட்டா, பீரோவா?" என்று ஒருவன் முனகினான். கடைக்கு வந்ததும் பாதிவிலை பழக்க தோஷத்தில் அதை மட்டும் இறக்கித் தராசுப் பலகையில் வைத்தார். அவரே தனியாக இறக்கினார். இருபது கிலோ.

"இருபது கிலோவுக்கு நாலு ஆளா? தின்ன சோறு எங்கே போகுதோ" என்று திட்டிவிட்டு வேனோடு பாதத்திடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை போன் வந்தது.

"அண்ணே, சீட்டை மாட்டியாச்சு. ஆனா பின்னாடி இடப்பக்கம் ரெண்டு விரல் எறங்கி நிக்குதே."

"பழைய வண்டிப்பா."

"சனிக்கிழமை மட்டமா இருந்துச்சுண்ணே. ஒரே நாள்ல யாருக்கும் வயசாகாது."

இடப்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடச் சேர்த்தார்கள். இரண்டு விரல். ஷாக் அப்சார்பரை மாற்றினார்கள். இரண்டு விரல். டயரைக் கழற்றி வலப்பக்கத்து டயரை மாட்டிப் பார்த்தார்கள். அதே இரண்டு விரல், முடி அளவு மாற்றம் இல்லை. சாயங்காலம் பாதம் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். அன்றைக்குத்தான் அவர் முகம் முழுதாகத் தெரிந்தது.

"இந்த வண்டிக்கு ஒரு விரல்னா முப்பது கிலோ. ரெண்டு விரல்னா அறுபது. இந்த சீட்டுல அறுபது கிலோ ஆள் ஒருத்தர் உக்காந்திருந்தா எப்படி நிக்குமோ, வண்டி அப்படி நிக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணே, இந்தத் தலை சாய்க்கிற எடத்தை நான் காலையில துடைச்சேன்."

ஈரமாக இருந்தது. தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டாமல் படுத்தவர் தலையணையில் ஒரு வாடை வரும், தெரியுமா? அந்த வாடை.

தராசை நம்புகிற மனிதர் பாதிவிலை. செவ்வாய்க்கிழமை வேனை லாரி நிறுக்கும் எடை மேடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். வண்டியை ஏற்றி நிறுத்தி, இறங்கித் தள்ளி நின்றார். கண்ணாடி அறைக்குள் இருந்த ஆள் மைக்கில் கூப்பிட்டான்.

"டிரைவர் மட்டும் எறங்கினாப் போதாது. பின்னாடி உக்காந்திருக்கறவங்களையும் எறங்கச் சொல்லுங்க."

"பின்னாடி யாரும் இல்லையே, தம்பி."

மைக்கில் எடை ரசீது அச்சாகிற சத்தம். வெற்று வேன், புது சீட், ஊற்றிய டீசல், எல்லாம் போக அறுபது கிலோ அதிகம்.

அங்கேயே, எடை மேடை ஓரத்திலேயே, ஸ்பானரை வைத்துச் சீட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். இனி வண்டி எழும் என்று விரலை வைத்துப் பார்த்தார்.

சீட் தரையில் இருந்தது. வண்டி எழவில்லை. அதே இரண்டு விரல்.

சீட்டை மறுபடி உள்ளே போட்டுக்கொண்டு அந்த அம்மாளிடம் ஓடினார். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள், வருவார் என்று தெரிந்தவள் மாதிரி. வேன் சாய்ந்து வருவதைப் பார்த்தாள்.

"திருப்பிக் கொண்டு வராதீங்கன்னு சொன்னேனே."

"அக்கா, என்ன வேணா தர்றேன். சொல்ற விலை."

"சீட்டை வேணா எறக்கி வைங்க, வாங்கிக்கறேன். அவங்க எறங்க மாட்டாங்க."

"எவங்க?"

"நீங்கதான் கதை கேக்கலையே. நான் சொல்லலாம்னுதான் நின்னேன்."

"இப்பக் கேக்கறேன்க்கா. சொல்லுங்க."

"இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது? பொண்ணைக் கூட்டிட்டு வரணும்ல... போங்க. இருட்டறதுக்குள்ள போங்க." கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசி வரைக்கும் அந்தக் கதையை அவள் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. கேட்காதீர்கள்.

அன்றிரவு ஆம்புலன்ஸ்காரனுக்குப் போன் செய்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, "நீங்க சொன்ன விலையே தர்றேன்" என்றார். அடுத்த புதன் வரை வண்டி இல்லை என்றான். இன்னும் மூன்று பேரைக் கேட்டார். அவ்வளவு தூரத்துக்கு யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

"ஒரு வாரம் தள்ளி வந்து கூட்டிட்டுப் போகலாமா?"

"முடியாதுங்க. அந்தக் கட்டிலுக்கு வேற ஆள் வந்தாச்சு."

புதன் மாலை கிளம்பினார்கள். மனைவிக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. மனைவி தலையணை, போர்வை, மாத்திரைப் பை, வெந்நீர் ஃபிளாஸ்க் எல்லாம் அடுக்கிவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"ஏங்க, வண்டியில யாரை ஏத்தினீங்க? யாரோ ஈரத் தலையோட உக்காந்த மாதிரி ஒரு வாடை."

"சரக்கு வண்டிதானே."

"இரும்புக்குத் தலை ஏதுங்க?"

அவர் எஞ்சினைக் கிளப்பினார்.

இப்போது அந்தச் சாலைக்கு வருகிறேன்.

இரண்டு பத்து. டக், டக், டக். அவர் கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. வேகத்தைக் குறைத்தார். பின்னால் ஒரு பெருமூச்சு. நாள் முழுக்க நின்றுவிட்டுக் கடைசியில் உட்கார இடம் கிடைத்தவர் விடுவாரே, அந்த மூச்சு. பின் கழுத்தில் ஈரக் காற்று பட்டது. ஜன்னல்கள் மூடியிருந்தன.

ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். மனைவி அசையவில்லை. சில்வண்டு சத்தம்கூட இல்லை. சூடான எஞ்சின் மட்டும் டிக்... டிக்... என்று ஆறிக்கொண்டிருந்தது.

அவருக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். பேரம். திரும்பாமல், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் பேசினார்.

"பாருங்க... நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. எம் பொண்ணு படுத்துட்டு வரணும். அவளுக்கு இந்த எடம் வேணும். நீங்க எங்கே எறங்கணும்னு சொல்லுங்க. எவ்வளவு தூரமானாலும் சரி, எந்த எடமானாலும் சரி, நானே எறக்கி விடறேன். சத்தியமா."

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

பிறகு, டக்... டக்... டக். சீட் நிமிர்ந்தது. மரியாதையாக. வருகிறவருக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்காருகிற மாதிரி.

பாதிவிலைக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒப்புக்கொண்டுவிட்டார்கள்! இருபது கிலோமீட்டர் போன பிறகுதான் உறைத்தது. எவ்வளவு சுலபமாக இறங்கிவிட்டார்கள். எந்த இடம் என்று அவர்கள் சொல்லவே இல்லை. விலை என்னவென்று தெரியாமல் சத்தியம் செய்திருக்கிறார். முதல் நாள் கடைக்கு வந்த பொடியன்கூடச் செய்யாத காரியம்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரி. விடுவிக்கும் தாளில் எடை எழுதியிருந்தது, நாற்பத்தைந்து கிலோ. இரண்டு ஊழியர்கள் மகளைப் பூ மாதிரி தூக்கிச் சீட்டில் வைத்தார்கள். இளைத்திருந்தாள். கண் மட்டும் அப்படியே இருந்தது.

"அப்பா, ஒரு பல்லு சாச்சு விடுங்க. போதும், ஒண்ணு போதும்."

"மூணு சாச்சா வசதியா இருக்குமேம்மா."

"மூணு சாஞ்சா கூரையைத்தான் பாக்கணும். நான் வெளியே பாத்துட்டு வரணும். அஞ்சு வாரமாக் கூரைதான் பாத்தேன்."

டக். ஒன்று.

"சீட்டு சூடா இருக்குப்பா. யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி."

டீசல் போட்ட இடத்தில் அவர் குனிந்து விரலை வைத்துப் பார்த்தார். மூன்றரை. அறுபதும் நாற்பத்தைந்தும். இரண்டு பேரும் இருக்கிறார்கள், ஒரே சீட்டில்.

வழியெல்லாம் மகள் பேசிக்கொண்டே வந்தாள். நர்ஸ்களைப் போல நடித்துக் காட்டினாள். அம்மா சிரித்துச் சிரித்து இருமினார். மறுநாள் இரவு, அதே விளக்கில்லாத சாலை. மணியை அவர் பார்க்காமலிருக்க முயன்றார். பார்த்தார். இரண்டு பத்து. மகள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

"அப்பா, எம் பக்கத்துல..."

நிறுத்திவிட்டாள். டக். டக். இன்னும் இரண்டு பல் சாய்ந்தது. அதன் பிறகு வீடு வரும் வரை அவள் பேசவில்லை. தூங்குகிறாள், பாவம் என்றார் அம்மா.

வீட்டு வாசலில் அவளை இறக்க இரண்டு பேரால் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து நான்கு பேர் தூக்கினார்கள். தூக்கியதும் வேன் ஒரு குலுக்குக் குலுக்கி மேலே எழுந்தது. எதிர்ப்புறம் காத்திருந்த பாதம் ஓடிப்போய் விரலை வைத்துப் பார்த்தார்.

"அண்ணே! மட்டமாயிடுச்சு! பீடை விட்டுச்சுண்ணே!"

பாதிவிலை வண்டியைப் பார்க்கவில்லை. நான்கு பேர் மூச்சு வாங்க உள்ளே தூக்கிக்கொண்டு போகிற மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் வாரம் கட்டிலின் ஒரு கால் விரிசல் விட்டது. இரண்டாம் வாரம் டாக்டர் எடை பார்த்தார். நூற்றைந்து. கோரைப்புல் மாதிரி இருக்கிற பெண்ணைப் பார்த்துவிட்டு, மிஷின் கெட்டுப்போச்சு என்று வேறு மிஷின் கொண்டுவரச் சொன்னார். நூற்றைந்து. பாதிவிலை கடைத் தராசை வீட்டுக்கே கொண்டுவந்தார். அது நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. நூற்றைந்து.

"தராசுகிட்டயும் பாதிக்குக் கேட்டுப் பாருங்கப்பா" என்று மகள் சிரித்தாள். அது மகள்.

ஆனால் சில நேரம் அவளே, யாரோ வீட்டுக்கு வந்தவர் மாதிரி, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று அம்மாவிடம் கேட்டாள். கொடுத்ததும், "உங்களுக்குத்தான் சிரமம்" என்றாள். தலையணை உறையைத் தினமும் காயப்போட வேண்டியிருந்தது. அவளுக்குத் தலைக்குக் குளிக்க இன்னும் டாக்டர் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் அவள் எழுந்து நடந்தாள். ஆறு மாதம் ஆகும் என்று டாக்டர்கள் சொன்ன பெண். அன்றிரவு பாதிவிலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சீட், எடை மேடை, சாலை, சத்தியம். மனைவி முழுதும் கேட்டார். பிறகு எழுந்து அவர் வாயைப் பொத்தினார்.

"எம் பொண்ணு நடக்கறா. யார் கையைப் பிடிச்சுட்டு நடந்தா எனக்கென்ன? இதை இன்னொரு தடவை சொன்னீங்கன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

அடுத்த நாள் ராத்திரி மகள் அவரைக் கூப்பிட்டாள். சின்ன வயதில் கெட்ட கனவு கண்டால் கூப்பிடுகிற குரல்.

"அப்பா... எடம் போதலைப்பா."

"எங்கம்மா? கட்டில்லயா?"

அவள் தலையை ஆட்டினாள். கட்டில் இல்லை. நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அப்படியே தூங்கிப்போனாள்.

அவர் கட்டில் பக்கத்தில் தரையில் மண்டி போட்டார். இருட்டில் கையெடுத்துக் கும்பிட்டார். எந்தக் கடைக்காரன் முன்னாலும் குனியாத மனிதர்.

"எறங்கிடுங்க. எந்த எடம்னு சொல்லுங்க, இப்பவே வண்டி எடுக்கறேன். பேரம் பேச மாட்டேன். என்ன விலைன்னாலும் முழுசாத் தர்றேன். என்னை வேணா எடுத்துக்கங்க. எம் பொண்ணுகிட்டேர்ந்து மட்டும் எறங்கிடுங்க. எறக்கி விடறேன்னு சொன்னேன்ல..."

மகளின் உதடு அசைந்தது. கண் மூடித்தான் இருந்தது. பொறுமையான, மரியாதையான குரல்.

"எறங்கியாச்சு."

வாசலில் வேன் ஒரு தடவை கிரீச்சிட்டது.

காலையில் மகள் தானே எழுந்து, தானே நடந்து போய்த் தராசில் ஏறினாள். அறுபது கிலோ. டாக்டருக்குச் சந்தோஷம். பழைய மிஷின்கள்தான் பொய் சொல்லியிருக்கின்றன, பெண் நன்றாகப் பதினைந்து கிலோ ஏறியிருக்கிறாள் என்றார். அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர். மகள் எல்லாருக்கும் கை கூப்பி, "நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்றாள். அதன் பிறகு அவள் அப்பாவைக் கேலி செய்ததே இல்லை. மிக நல்ல பெண். சொன்ன விலைக்கே பொருள் வாங்குவாள்.

அன்று மாலை பாதம் எண்ணெய் மாற்ற வந்தார். வேனுக்கு அடியில் போனார். வெளியே தெரிந்த இரண்டு பாதமும் ஆடிக்கொண்டே இருந்தன, பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சட்டென்று இரண்டும் நின்றன.

"அண்ணே... பின்னாடி இடப்பக்கம் மறுபடி எறங்கியிருக்கே."

"ரெண்டு விரலா?"

அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து, டயருக்கு மேல் விரலை மறுபடி அடுக்கிப் பார்த்தது.

"இல்லண்ணே. ஒன்றரை."

ஒரு விரலுக்கு முப்பது கிலோ, ஒன்றரைக்கு நாற்பத்தைந்து. கணக்குச் சொல்ல அவருக்கு எடை மேடை தேவைப்படவில்லை.

இப்போது அவர் கடைக்குப் போவதில்லை. வேனை விலைக்குக் கேட்டு நிறையப் பேர் வந்தார்கள், நல்ல விலைக்கே கேட்டார்கள். விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார். இரவானால் ஒரு போர்வையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு வேனில் ஏறி டிரைவர் சீட்டில் உட்காருவார். வண்டியை எடுப்பதில்லை. எங்கே கொண்டுபோய் இறக்குவது? அவர் வீட்டிலேயே இடம் நிரம்பிவிட்டது.

நம் கூட்டாளி ஒரு ராத்திரி மாமாவைச் சாப்பிடக் கூப்பிடப் போனான். வேன் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அவர் திரும்பாமல், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலிக்குதாம்மா? கொஞ்சம் சாச்சு விடட்டா?"

பின்னால் யாரும் இல்லை. அவன் கண்ணால் பார்த்தான், யாரும் இல்லை.

டக்.

ஒரே ஒரு பல்.